ஓடக்காரப் பெண்ணின் மணிமுடி

முதற் கோணல் முற்றும் கோணல் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். மற்றத் தொழில்களுக்கு அது எவ்வளவோ பொருத்தமாக இருக்கலாம். ஆனால் கதை சொல்லும் தொழிலில் மட்டும் அந்தப் பழமொழியைத் தலைகீழாகத் திருப்பிவிட வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். தொடக்கத்தில் தடுமாறிய கதையை ஜனங்கள் மன்னித்து விடுகிறார்கள். நடுவிலே கொஞ்சம் இழுத்தடித்தால் பொறுமையாகக் கொட்டாவி விட்டுக்கொண்டு காத்திருக்கிறார்கள். கடைசியில் கோணினாலோ, அதற்கு முன் அனுபவித்த ஆனந்தம் அத்தனையும் கோணலாகிவிடுகிறது. முற்றும் என்ற சொல்லுக்கு அவ்வளவு பெரிய சக்தி!

இதை நாம் எழுதக் காரணம், பழவேற்காட்டுக் குப்பங்களில் இன்னும் தீராமல் இருக்கும் ஒரு மனத்தாங்கல். கல்கியின் "பொன்னியின் செல்வன்" படமாக வந்த கதை நேயர்கள் அனைவரும் அறிந்ததே. எம். ஜி. இராமச்சந்திரன் 1958-ஆம் ஆண்டிலேயே அதைப் படமாக்க முயன்றார், அது கைகூடவில்லை. பிறகு மணிரத்னம் அதை இரண்டு பாகங்களாக எடுத்து, முதற் பாகத்தை 2022 செப்டம்பர் 30-ஆம் தேதியும், இரண்டாம் பாகத்தை 2023 ஏப்ரல் 28-ஆம் தேதியும் வெளியிட்டார். முதற் பாகத்துக்கு எங்கள் குப்பங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகப் பொன்னேரிக்கும் சென்னைக்கும் கிளம்பிப் போனார்கள். போனவர்கள் திரும்பி வந்து, போகாதவர்களுக்குக் கதை சொன்னார்கள். இரண்டாம் பாகத்துக்கும் அதே உற்சாகத்துடன் போனார்கள். திரும்பி வந்தபோதுதான் முகத்தில் அந்தப் பழைய களை இல்லை.

"என்ன, படம் பிடிக்கவில்லையா?" என்று மீன் கூடையுடன் வந்த ஓர் அம்மாளைக் கேட்டோம்.

"படம் நல்லாத்தான் இருக்குது, வாத்தியாரே. அந்தப் படகுப் பொண்ணு கடைசில என்னா ஆனாள்னு காட்டவே இல்லியே! கதையில அவ ராணியாவுறாளாமே? எம் பொண்ணு புஸ்தகத்தைப் படிச்சுட்டுச் சொல்லுது. மெய்யா?"

"மெய்தான், அம்மா."

"அப்ப அதை மட்டும் ஏன் மறைச்சிட்டாங்க?"

இந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல நமக்கு முடியவில்லை. ஆனால் இது சாமானியக் கேள்வி அல்ல. அந்தப் படத்தைப் பற்றி எத்தனையோ விமர்சனங்கள் வெளிவந்தன. போர்க் காட்சி போதாது என்றவர் உண்டு. வந்தியத்தேவனின் குறும்பு குறைந்துவிட்டது என்றவர் உண்டு. கரையிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்த குறையோ வேறு.

படகுப் பெண் என்பவள் பூங்குழலி. கோடிக்கரைக் கலங்கரை விளக்கத்தைக் காக்கும் தியாகவிடங்கரின் மகள். நடுக்கடலில் தன்னந்தனியாகப் படகு தள்ளுகிறவள், புயலுக்கும் அஞ்சாதவள், வந்தியத்தேவனை ஈழக் கரையில் கொண்டு சேர்த்தவள். முதற் பாகத்தில் அவள் துடுப்பைப் பிடித்துக்கொண்டு தோன்றியபோது, எங்கள் பக்கத்துப் பெண் குழந்தைகளுக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கோடிக்கரை இந்தக் கரையின் தென்கோடியிலே இருக்கிறது, நாங்களோ வடகோடியிலே. எங்களுக்கும் ஒரு கலங்கரை விளக்கம் உண்டு. அதன் பெயரைக்கொண்டே லைட் ஹவுஸ் குப்பம் என்று ஓர் ஊர் உண்டு. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் ஏரி, நடுவே மணல் திட்டு என்று வாழ்கிற ஜனங்களுக்குப் பூங்குழலி கதாபாத்திரம் அல்ல. அடுத்த வீட்டுப் பெண்.

நாவலில் அவளுடைய கதை எப்படிப் போகிறது என்பதைச் சற்று நினைவுபடுத்திக் கொள்வோம். அவளுடைய அத்தை மந்தாகினி, ஊமைப் பெண். தீவிலே சுந்தர சோழருடைய மனத்தைக் கவர்ந்தவள். இளவரசர் அரசரானதும் அவளுக்கு அரண்மனையில் இடமில்லாமற் போயிற்று. வாழ்நாள் முழுவதும் காட்டிலும் கரையிலும் அலைந்தாள். முடிவில் அரசர் மீது பாய்ந்த வேலைத் தன் உடலில் ஏற்று உயிரை விட்டாள். அந்த அத்தையின் கதியைக் கண்டே வளர்ந்தவள் பூங்குழலி. அவளும் ஓர் இளவரசரிடம் மனத்தைப் பறிகொடுக்கிறாள். சிம்மாசனத்தைப் பற்றிக் கனவு காண்கிறாள். அந்தக் கனவுக்காகத் தன்னையே பரிகாசம் செய்துகொள்கிறாள். கடைசியில் பூத்தொடுத்துப் பிழைக்கும் சேந்தன் அமுதனைக் கைப்பிடிக்கிறாள். அந்தச் சேந்தன் அமுதனே செம்பியன் மாதேவியின் வயிற்றில் பிறந்த உண்மையான மதுராந்தகன் என்று வெளிப்படுகிறது. பொன்னியின் செல்வர் தமக்கு உரிய மகுடத்தை அவன் தலையில் சூட்டுகிறார். ஓடக்காரப் பெண் சோழ நாட்டின் அரசியாகிறாள்.

இதிலே ஒரு கணக்கு இருக்கிறது. அத்தைக்கு அரண்மனை பட்ட கடனை மருமகளுக்கு அது திருப்பிக் கொடுக்கிறது. அந்தக் கடன் தீருவதற்காகத்தான் நாவல் ஐந்து பாகம் நடந்தது என்று சொன்னாலும் பெரிய பிழையாகாது.

படத்தில் என்ன செய்தார்கள்? குழந்தை மாறிய இரகசியத்தை எடுத்துவிட்டார்கள். சிவபக்தனாக வளர்ந்து அரசாசை கொண்ட மதுராந்தகனே உண்மையான மதுராந்தகன் என்று வைத்து, அவனுக்கே முடிசூட்டினார்கள். நாவலில் இல்லாத பெரும் போர் ஒன்றை இராஷ்டிரகூடருடன் மூட்டினார்கள். சேந்தன் அமுதன் வெறும் துணைவனாக நின்றுவிட்டான். பூங்குழலி மெல்ல மெல்லத் திரையின் ஓரத்துக்குப் போய், பிறகு ஓரத்திலிருந்தும் மறைந்து போனாள்.

படம் எடுத்தவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். ஐந்து பாக நாவலை, பாகத்துக்கு இரண்டே முக்கால் மணி நேரம் என்று இரண்டு படங்களில் அடக்குவது லேசான காரியமல்ல. அதோடு சரித்திரமும் அவர்கள் பக்கமே இருக்கிறது. உத்தம சோழன் கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்தவன் என்பது கல்வெட்டுகளும் செப்பேடுகளும் சொல்லும் செய்தி. அவன் தஞ்சையில் பூத்தொடுத்து வாழ்ந்தான் என்பது கல்கியின் கற்பனை. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளான இரவிதாசன், சோமன், பரமேசுவரன் முதலியோரை உடையார்குடிக் கல்வெட்டு பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பூங்குழலியைக் குறிப்பிடும் கல்வெட்டு எங்கும் கிடையாது. ஆகவே அவளை அரசியாக்காததில் சரித்திரத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்று வாதிக்கலாம்.

ஆனால் நந்தினிக்கு மட்டும் கல்வெட்டு இருக்கிறதா? ஊமை ராணிக்கு இருக்கிறதா? ஆழ்வார்க்கடியானுக்கு இருக்கிறதா? இவர்கள் எல்லோரும் கல்கியின் கற்பனைக் குழந்தைகளே. அவர்கள் படத்தில் சௌக்கியமாக இருக்கிறார்கள். கற்பனை என்ற காரணத்துக்காக எதையும் விலக்கவில்லை என்பது இதனால் தெளிவாகிறது. அப்படியானால் எதை விலக்கினார்கள்? மந்தாகினி அரசருக்காக வேலை ஏற்று இறக்கும் காட்சியை வைத்துக்கொண்டார்கள். அவளுடைய மருமகள் அரியணை ஏறும் காட்சியைத் தள்ளிவிட்டார்கள். கரையில் பிறந்த பெண் அரசனுக்காக உயிரை விடலாம். அரசியாக மட்டும் ஆகக் கூடாது! இப்படி நினைத்துச் செய்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. நினைக்காமல் நேர்ந்ததுதான் நமக்கு இன்னும் வருத்தமளிக்கிறது. நேரம் போதவில்லை என்றால் முதலில் வெட்டுப்படுகிறவர்கள் எப்போதும் யார் என்பதை அது காட்டிவிடுகிறது அல்லவா?

நிற்க. கதையின் முடிவைப் பற்றி ஜனங்கள் கோபிப்பது வெறும் பொழுதுபோக்கு என்று படித்தவர்கள் சிலர் நகைக்கிறார்கள். இங்கிலாந்திலே கானன் டாயில் 1893-இல் ஷெர்லக் ஹோம்ஸை நீர்வீழ்ச்சியில் தள்ளிக் கொன்றபோது வாசகர்கள் பெரிதும் வருந்தினார்கள். பத்து ஆண்டுகள் கழித்து அந்தத் துப்பறிவாளரை அவர் பிழைக்க வைக்க நேர்ந்தது. 2019-இல் அமெரிக்காவில் "கேம் ஆப் த்ரோன்ஸ்" என்ற தொலைக்காட்சித் தொடரின் கடைசிப் பருவம் மனத்துக்குப் பிடிக்காமல், அதை மறுபடியும் எடுக்க வேண்டும் என்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பத்தில் கையெழுத்திட்டார்கள். இவற்றைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நம் தேசத்தில் நடந்த ஒன்றைக் கேட்டால் சிரிப்பு வராது.

1987 ஜனவரியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் தூர்தர்ஷனில் இராமானந்த ஸாகரின் "இராமாயணம்" ஒளிபரப்பான காலத்தைப் பலர் மறந்திருக்கமாட்டார்கள். 1988 ஜூலையில் ஸ்ரீராம பட்டாபிஷேகத்துடன் தொடர் முடிந்தது. அந்த முடிவை ஒப்பாதவர்கள் யார் தெரியுமா? பஞ்சாபிலும் வட இந்திய நகரங்கள் சிலவற்றிலும் தெருக் கூட்டிய துப்புரவுத் தொழிலாளர்கள்! வால்மீகியைத் தங்கள் குலகுருவாகப் போற்றும் அவர்கள், வால்மீகி ஆசிரமத்தில் சீதை அடைக்கலம் பெற்று இலவ குசர்கள் வளரும் உத்தர காண்டத்தைக் காட்டவேண்டும் என்று கோரி, வேலைநிறுத்தம் செய்தார்கள். பிறகு அந்தக் கதை தனித் தொடராக எடுக்கப்பட்டு வெளிவந்தது. பட்டாபிஷேகத்தோடு கதை முடிந்தால் அரண்மனைக்கு மங்களம். ஆசிரமத்துக்கும் இடம் கொடுத்தால்தான் தங்களுக்கு அந்தக் கதையில் பங்கு உண்டு என்று அவர்கள் கருதினார்கள். பழவேற்காட்டு அம்மாள் கேட்டதும் அதே பங்கைத்தான்.

கல்கிக்கும் இந்தச் சோதனை வந்தது. 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்த தொடர் முடிந்தபோது, திடீரென்று முடித்துவிட்டீர்களே, பாத்திரங்கள் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று நேயர்கள் கேட்டார்கள். அவர் அந்தக் கேள்விகளை அலட்சியம் செய்யவில்லை. சரித்திரக் கதைக்கும் சமூகக் கதைக்கும் உள்ள வேற்றுமையைச் சொல்லி, பாத்திரங்களின் பிற்கால வாழ்க்கையையும் விளக்கி, முடிவுரை ஒன்று எழுதினார். அதே ஆண்டு டிசம்பரில் அவர் காலமானார். மூன்றரை வருஷம் எழுதிக் களைத்த ஆசிரியர், கேள்வி கேட்ட வாசகரைச் சரிசமமாக நினைத்து மறுமொழி சொன்ன அந்தப் பண்பு நம் பத்திரிகையுலகத்தின் பெருமைகளில் ஒன்று.

இனி எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. பழவேற்காடு ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. மீன்பிடிக்கும் இடங்களில் நல்லதும் உண்டு, மட்டமானதும் உண்டு. வலுத்தவனே நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்ளாதபடி, முறை வைத்துத் தலைக்கட்டுகளுக்குப் பங்கிடுகிறார்கள். இன்று மட்டமான இடம் கிடைத்தவனுக்கு நாளை நல்ல இடம் வரும். சட்டப் புத்தகம் படிக்காத முன்னோர்கள் ஏற்படுத்திய இந்த ஏற்பாட்டை வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்களும் வந்து பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். எல்லாருக்கும் முறை வரவேண்டும் என்பது எங்கள் ஏரியின் தர்மம்.

அந்தத் தலைக்கட்டில் ஆண்களுக்கு மட்டுமே இடம். கூடை சுமந்து மீன் விற்கிறவள் பெண். முகத்துவாரம் மணல் மூடி இறால் வரத்துக் குறைந்தால் கடன் வாங்கி அடுப்பு எரிப்பவள் பெண். பாட்டில் அவளுக்கு முறை கிடையாது. பள்ளிக்கூடத்தில் இந்தப் படத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது, எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து, "பூங்குழலிக்கு மட்டும் படகு யார் சார் கொடுத்தாங்க? எங்க வூட்ல என்னைப் படகுல ஏறவே வுடமாட்டாங்க" என்றாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. படகு, துடுப்பு, கடல், கடைசியில் கிரீடம் ஆகிய நான்கையும் ஒரு பெண்ணின் கையில் கொடுத்த கதை அவர்களுக்கு ஏன் அவ்வளவு அருமையாக இருந்தது என்பதும், அதன் முடிவு மறைந்தபோது ஏன் அவ்வளவு வலித்தது என்பதும் அப்போதுதான் விளங்கிற்று. தம் ஊரில் கிடைக்காத முறை கதையிலாவது வரும் என்று அவர்கள் காத்திருந்தார்கள்.

ஏமாற்றத்துக்குப் பரிகாரம் இல்லாமற் போகவில்லை. கல்கியின் நூல்கள் 1999-இல் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. அந்தக் கதை இப்போது யாருடைய சொந்தச் சொத்தும் அல்ல. தமிழர் அனைவருக்கும் பொதுச் சொத்து. மலிவுப் பதிப்புகள் எங்கும் கிடைக்கின்றன. நூலகங்களில் ஐந்து பாகமும் இருக்கின்றன. குப்பத்துப் பெற்றோர்கள் தங்கள் பெண்களைக் கொண்டு இராத்திரி வேளையில் அதை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்கட்டும். பள்ளிக்கூடங்கள் ஆண்டு விழாவில் அந்தப் பட்டாபிஷேகக் காட்சியை நாடகமாகப் போடட்டும். அதற்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பூங்குழலி வேஷத்துக்கு எங்கள் கரையில் பஞ்சமே இல்லை.

அத்துடன் இன்னொன்றும் செய்யவேண்டும். சினிமாக்காரர்கள் ஓடக்காரப் பெண்ணுக்கு முடிசூட்டவில்லை என்று கோபிக்கும் தகப்பன்மார்கள், தங்கள் வீட்டு ஓடக்காரப் பெண்ணைப் பத்தாம் வகுப்போடு நிறுத்திவிடாமல் மேலே படிக்க வைக்கட்டும். ஊர்க் கூட்டத்தில் அவள் எழுந்து பேசினால், உட்கார் என்று சொல்லாமல் இருக்கட்டும். கிரீடம் தேவையில்லை. அவளுடைய முறை வந்தால் போதும்.