வீடும் வேண்டும், நீரும் வேண்டும்

'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்பது நம் முன்னோர் மொழி. ஒண்டுக் குடித்தனத்தில் உழல்வோரின் ஏக்கம் முழுவதும் அவ்வொரு தொடரில் அடங்கிக் கிடக்கிறது. எனவே, பெருநகரில் குடியிருப்புகள் பெருகுவதைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. வீட்டை எங்கே கட்டுவது, அதனை முடிவு செய்வோர் யாவர், அம்முடிவு எப்பொழுது எடுக்கப்பட வேண்டும் என்னும் மூன்று வினாக்களையே இங்கு எழுப்ப விழைகின்றோம். சென்னை மாநகரின் தென்பகுதி இவ்வினாக்களுக்குத் தக்க சான்றாக விளங்குகிறது.

ஊர்ப்பெயரே சான்று

ஏரி, குளம், தாங்கல், ஏந்தல், கேணி, குட்டை, மடு என நீர்நிலைக்குத் தமிழில் பெயர்கள் பல. தமிழ் பயில்வோர் இவற்றைச் சொல்வளமாக மட்டும் காண்பது போதாது. நிலத்தின் வரலாறாகவும் காணல் வேண்டும். பழவந்தாங்கல் என்னும் பெயரில் ஒரு தாங்கல் உறைகிறது. திருவல்லிக்கேணியில் ஒரு கேணி இருக்கிறது. தியாகராய நகர் 1920களில் மாம்பலத்தின் நீண்ட ஏரியை வற்றச் செய்து எழுப்பப்பட்டது. முகப்பேரிலோ குடியிருப்பின் பெயரே 'ஏரித் திட்டம்' என வழங்குகிறது. ஏரி மறைந்தது, பெயர் மறையவில்லை. மழைநீரும் தன் பழைய இடத்தை மறப்பதில்லை.

தாழ்ந்த நிலங்களில் நீரைத் தேக்குமாறு பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் அறிவுரை கூறியதைப் புறநானூற்றின் 18ஆம் பாடல் காட்டுகிறது. பள்ளம் நீருக்கு உரியது என்ற தெளிவு அன்றே இருந்தது. இன்றோ, பள்ளத்தை மண்ணிட்டு நிரப்புவதையே வளர்ச்சி என்கிறோம்.

கழிவெளியின் கதை

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அவ்வூர் மக்கள் 'கழிவெளி' என வழங்கினர். மழைக்காலத்தில் நீர் வந்து பரந்து, பின் மெல்ல வடியும் வெளி அது. தென்சென்னையின் ஏரிகள் பலவற்றினின்று வழியும் நீர் இங்கு வந்து தங்கி, ஒக்கியம் மடுவின் வழியே பக்கிங்காம் கால்வாயை அடைந்து கடலில் கலக்கிறது. அரை நூற்றாண்டுக்கு முன்னர் ஏறத்தாழ 5,000 எக்டேர் பரப்பில் இருந்ததாகக் கூறப்படும் இந்நிலம், பின்னர் அதில் மிகச் சிறிய பகுதியாகச் சுருங்கிவிட்டது. பயனற்ற தரிசு எனக் கருதி அதனைக் கூறுபோட்டதே காரணம். ஒருபுறம் குப்பைமேடு, மறுபுறம் அரசு நிறுவனங்கள், வேறொருபுறம் அடுக்குமாடிகள். ஏறத்தாழ 1,248 எக்டேர் நிலம் 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்று உலகச் சிறப்புற்றது. ஆயினும், 2015 திசம்பரிலும் 2023 திசம்பரிலும் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் வெள்ளத்தில் மிதந்த காட்சியை நாடே கண்டது.

2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, சதுப்பு நிலத்திலும் அதனைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் தொலைவிலும், உரிய ஆய்வு முடியும் வரை கட்டட அனுமதி வழங்கலாகாது என ஆணையிட்டது. ஆணையின் நோக்கம் நன்று. ஆனால், வாழ்நாள் சேமிப்பைக் கொண்டு அங்கே மனை வாங்கியவரின் நிலை என்ன? 'வீட்டைக் கட்டிப் பார்' என்பார்கள். கட்டவே வழியின்றி நிற்பவர் யாரிடம் முறையிடுவார்? முதல் மனை விற்கப்படுவதற்கு முன் சொல்லியிருக்க வேண்டிய சொல்லைப் பல்லாண்டுகள் கழித்து நீதிமன்றம் சொல்ல நேர்வதே நம் நகராட்சி முறையின் பெருங்குறை.

துலாக்கோல் யார் கையில்?

1993இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம், நகரத் திட்டமிடலையும் நிலப் பயன்பாட்டையும் சுற்றுச்சூழல் காப்பையும் நகர மன்றங்களிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளாக வரிசைப்படுத்தியது. ஆனால் சென்னையில் பெருங்கட்டடங்களுக்கான திட்ட அனுமதி பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திடமே உள்ளது. மக்கள் தேர்ந்தெடுத்த மாமன்றமோ, கட்டி முடித்த பின் குடிநீரும் கழிவுநீர் வழியும் கேட்டு வருவோருக்கு விடை கூறும் இடமாகவே இருக்கிறது. 2016 இறுதி தொட்டு 2022 தொடக்கம் வரை அம்மாமன்றமும் இல்லை. எடைபோட வேண்டியவர் கையில் துலாக்கோல் இல்லாதபோது நடுவுநிலையை எங்ஙனம் எதிர்பார்ப்பது?

எடைக்கல்லும் ஒன்றாயிருத்தல் வேண்டும். 2015 வெள்ளத்திற்குப் பின், ஆற்றங்கரைக் குடிசைகளில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள், நீர்வழியை மறித்தனர் என அகற்றப்பட்டன. அவர்களுள் பலர் குடியமர்த்தப்பட்ட பெரும்பாக்கமோ சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்நிலம்! குடிசைக்குக் காட்டிய சட்டத்தை ஏரியில் எழுந்த மாளிகைக்கும் அரசு அலுவலகத்திற்கும் காட்டத் தயங்குவது நீதியாகாது. ஊர்ப்பொதுக் குளங்களின் ஆக்கிரமிப்பை அகற்றுமாறு 2011இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அங்கு எழுந்த கட்டடத்திற்குப் பெருஞ்செலவு செய்யப்பட்டது என்பதையோ அது நெடுங்காலம் நிற்கிறது என்பதையோ காரணமாக ஏற்க மறுத்தது.

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, குடியிருப்புத் திட்டம் ஒவ்வொன்றும் அனுமதி பெறுமுன்னரே அதன் புல எண்ணும், நிலத்தின் பழைய வகைப்பாடும், மழைநீர் செல்லும் வழியும் தமிழில் எழுதப்பெற்று வட்ட அலுவலகத்தில் வைக்கப்பட வேண்டும். 2022 நவம்பரில் தொடங்கப்பெற்ற பகுதி சபைக் கூட்டங்களில் அவை படிக்கப்பட்டு, மாமன்றத்தில் விவாதிக்கப்பட வேண்டும். இரண்டாவதாக, ஏழைகளை இடம்பெயர்ப்பதாயின் அவர்தம் தொழிலுக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் அண்மையில், நீர் தேங்காத மேட்டு நிலத்தில் வீடளித்த பின்னரே பெயர்க்க வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தம் ஊரின் நீர்ப்பெயர்களையும் அவை குறித்த முதியோரின் நினைவுகளையும் தொகுத்தல் அரிய ஆய்வாகும்; நாளை ஒரு வழக்கில் சான்றாகவும் நிற்கக்கூடும். சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். பள்ளிக்கோ விடுதிக்கோ திருமண மண்டபத்திற்கோ இடம் தேடும்போது, பத்திரத்தைப் பார்ப்பதோடு அமையாமல் அந்நிலத்தின் பழம்பெயரையும் கேட்டறிதல் வேண்டும். மலிவாகக் கிடைக்கும் நிலம் ஏன் மலிவாகக் கிடைக்கிறது என ஒருமுறை வினவினால், பல வேளைகளில் விடையாக ஓர் ஏரி வந்து நிற்கும்.

வீடும் நீரும் பகையல்ல. நீர் நிற்க இடம் விட்ட ஊரில்தான் வீடும் நிலைத்து நிற்கும். அவ்விடத்தை முன்கூட்டியே ஒதுக்கிவைக்கும் துணிவை நம் மாமன்றங்கள் பெற வேண்டும். அதனைக் கேட்டுப் பெறும் துணிவை நாம் பெற வேண்டும்.