லோடு ஏற்றுவதும் ஒரு பொறியியலே!

(இரண்டாமாண்டு மாணவன், இயந்திரவியல் பட்டயப் படிப்பு)



மயிலிறகு எவ்வளவு கனம் இருக்கும்? ஊதினால் பறந்துவிடும். அந்த மயிலிறகைக்கூட அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துபோகும் என்று சொன்னவர் நம் திருவள்ளுவர். 'வலியறிதல்' அதிகாரத்தில் இருக்கிறது. அரசனுக்குச் சொன்ன புத்திமதிதான். ஆனாலும் மாட்டு வண்டியையும் அச்சையும் பாரத்தையும் நன்றாகப் பார்த்த ஒருவரால்தான் அப்படிச் சொல்ல முடியும். ஆக, 'ஓவர்லோடு' என்பது நேற்று முளைத்த பிரச்சினை அல்ல!

இப்போது நம் தண்டலத்துக்கு வருவோம். சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலை ஓரத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார் தயாராகிறது. ஸ்ரீபெரும்புதூரில் கண்ணாடித் தொழிற்சாலை. ஒரகடத்தில் கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர் என்று வரிசை. இத்தனைக்கும் உதிரிபாகம் வர வேண்டும், செய்த பொருள் போக வேண்டும். குட்டி யானை முதல் நாற்பதடி கண்டெய்னர் வரை எல்லாம் இந்த வழிதான். இந்த ஒவ்வொரு வண்டியிலும் யாரோ ஒருவர் சரக்கை ஏற்றியிருக்கிறார். அவர் யார்? அவருக்கு அந்த வேலையை யார் சொல்லிக்கொடுத்தது? இந்தக் கேள்வியை நாம் கேட்பதே இல்லை.

என் அப்பா ஒரு லோடுமேன். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டி, பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். "நீயாவது மூட்டை தூக்காம இருடா" என்றுதான் என்னைச் சேர்த்துவிட்டார். படிக்க வந்த பிறகுதான் எனக்கு ஒன்று புரிந்தது. நமக்கு மெக்கானிக்ஸ் பாடத்தில் கரும்பலகையில் போட்டுக் காட்டுவதை அவர் இருபது வருடமாகத் தோளில் போட்டுச் செய்துகொண்டிருக்கிறார்!

கணக்கு போட்டுப் பார்ப்போம்

திருப்புத்திறன் கணக்கு எல்லோருக்கும் தெரியும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 4 மீட்டர் இடைவெளி உள்ள ஒரு லாரி என்று வைத்துக்கொள்வோம். சரக்கு 8 டன். சரக்கின் புவியீர்ப்பு மையம் பின் அச்சுக்கு 1 மீட்டர் முன்னால் இருந்தால், முன் அச்சுக்கு 2 டன், பின் அச்சுக்கு 6 டன். நல்லது. அதே சரக்கைப் பின்னால் தள்ளி, மையம் பின் அச்சுக்கு அரை மீட்டர் பின்னே போய்விட்டால்? பின் அச்சில் 9 டன். முன் அச்சை 1 டன் விசை மேலே தூக்குகிறது! சரக்கு அதே 8 டன்தான், எடைமேடையில் மொத்த எடை சரியாகத்தான் காட்டும். ஆனால் முன்சக்கரத்துக்குத் தரையில் பிடிப்பு குறைந்துவிட்டது. டிரைவர் ஸ்டியரிங்கைத் திருப்புவார், வண்டி திரும்பாது. "எடை சரியா இருக்கு" என்பது மட்டும் போதாது என்பதற்கு இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?

அடுத்து உராய்வு. வண்டி சடாரென்று பிரேக் போட்டால் சரக்கு நிற்காது, முன்னால் போகப் பார்க்கும். சரக்கின் எடையில் 80 சதவீத விசை முன்பக்கமும், 50 சதவீதம் பக்கவாட்டிலும் பின்பக்கமும் வரும் என்று எடுத்துக்கொண்டு கட்ட வேண்டும் என்பது, உலகத் தொழிலாளர் அமைப்பும் சர்வதேசக் கடல்சார் அமைப்பும் ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையமும் சேர்ந்து 2014-ல் கொண்டுவந்த நடைமுறைத் தொகுப்பில் உள்ள அளவு. 1 டன் இரும்புச் சாமானை இரும்புத் தளத்தில் வைத்தால், உராய்வுக் கெழு 0.2 என்று கொண்டால், தளம் பிடித்துவைப்பது 200 கிலோ அளவுதான். மீதி 600 கிலோவை யார் பிடிப்பது? கயிறும் கட்டையும்தான். அடியில் நல்ல ரப்பர் பாய் போட்டு உராய்வை 0.6 ஆக்கினால் கயிற்றின் வேலை 200 கிலோவாகக் குறைகிறது. ஒரு ரப்பர் பாய் செய்கிற வேலையைப் பாருங்கள்!

கயிறு கட்டுவதிலும் கோணம் இருக்கிறது. நேர் செங்குத்தாக இழுத்துக் கட்டினால் முழு அழுத்தம் சரக்கின்மேல் இறங்கும். 30 டிகிரி சாய்வில் கட்டினால் சைன் 30, அதாவது பாதிதான். "உயரம் கம்மியா இருக்கிற சாமானுக்கு ஒரு கயிறு பத்தாதுடா, ரெண்டு போடணும்" என்று அப்பா சொல்வார். அவருக்கு சைன் டேபிள் தெரியாது. ஆனால் விடை தெரியும்!

முறை என்ன?

வண்டி சமதரையில் நிற்க வேண்டும். ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்குக் கட்டை, சாவி டிரைவர் கையில் அல்லாமல் ஏற்றுகிற இடத்துப் பொறுப்பாளர் கையில். உள்ளே ஃபோர்க்லிஃப்ட் போகும்போது வண்டி நகர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆர்.சி. புத்தகத்தில் மொத்த எடையிலிருந்து வெற்று வண்டி எடையைக் கழித்தால் எவ்வளவு ஏற்றலாம் என்று வந்துவிடும். தளத்தில் ஆணி, எண்ணெய், உடைந்த பலகை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கனமானது கீழே, லேசானது மேலே. கனம் இடம் வலம் சமமாக நடுக்கோட்டில். முன்பலகையை ஒட்டி இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். இடைவெளி இருந்தால்தான் சரக்கு ஓடிப்போய் இடிக்கும். உருளையாக இருப்பதற்கு இரண்டு பக்கமும் ஆப்பு. பேரல் என்றால் மூடி மேலே பார்க்க வேண்டும்.

கடைசியில் இறங்க வேண்டியதை முதலில் ஏற்ற வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வழியில் பாதி இறக்கிய பிறகு மீதிச் சரக்கு எப்படி நிற்கும் என்று யார் யோசிக்கிறார்கள்? ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் மறுபடி கட்ட வேண்டும். கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி ஒருமுறை கயிற்றைத் தட்டிப் பார்க்க வேண்டும். குலுங்கிக் குலுங்கி சரக்கு அமர்ந்துவிடும், கயிறு தளர்ந்துவிடும்.

பழி யார் தலையில்?

இனி வருத்தமான விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்து ஒரு கிடங்கில் அப்பா வேலை செய்தபோது, கனமான பெட்டிகள் எல்லாம் பின்கதவு ஓரத்தில் நிற்கிறது, மாற்றி அடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். "சலானில் கையெழுத்து போட்டாச்சு, நேரமில்ல, கதவைச் சாத்து" என்று பதில் வந்தது. போய்ச் சேர்ந்த இடத்தில் கதவைத் திறந்ததும் ஒரு பெட்டி சரிந்து, இறக்க வந்தவரின் பாதம் நசுங்கியது. அறிக்கையில் எழுதிய காரணம்: 'தொழிலாளியின் கவனக்குறைவு'. எந்தத் தொழிலாளி? ஏற்றியவரா, இறக்கியவரா? கையெழுத்து போட்டவரின் பெயர் அதில் இல்லவே இல்லை.

நண்பர்களே, அந்தக் கையெழுத்துப் போடுகிற நாற்காலியில் நாளைக்கு உட்காரப் போவது யார்? நாம்தான்! டிப்ளமோ முடித்ததும் டெஸ்பாட்ச் சூப்பர்வைசர், ஸ்டோர் இன்சார்ஜ் என்று இங்கே நமக்குத்தான் வேலை. சட்டமும் அதைத்தான் சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 194-ன்படி ஓட்டுபவர் மட்டுமல்ல, அப்படி ஓட வைப்பவரும் ஓட அனுமதிப்பவரும் பொறுப்பாளிதான். 2019 செப்டம்பர் முதல் அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். முன்பு 2,000-மும் 1,000-மும் ஆக இருந்தது. ஆனால் நடுரோட்டில் மடக்கினால் மாட்டுவது டிரைவர் அண்ணன்தான்.

"ரெண்டு டன் சேர்த்துப் போட்டா ஒரு நடை மிச்சம்" என்பார்கள். 2018 ஜூலையிலேயே இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை வரம்பை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக அரசு உயர்த்திக் கொடுத்துவிட்டது. அதற்கு மேலும் ஆசைப்பட்டால்? அமெரிக்காவில் 1958 முதல் 1960 வரை லாரிகளை ஓட்டிச் செய்த சாலைச் சோதனையில் கிடைத்த விதி ஒன்று உண்டு. அச்சின் பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு. மிச்சம் ஒருவர் பைக்குப் போகிறது. பள்ளத்தில் விழுவது பைக்கில் ஷிஃப்ட் முடித்து வருகிற நம் ஆள்.

நாம் செய்ய வேண்டியது

ஒன்று: சரக்கு ஏற்றும் முறையை நம் பணிமனை வகுப்பில் ஒரு நாளாவது செய்துகாட்ட வேண்டும் என்று நம் மாணவர் பேரவை கேட்க வேண்டும். கற்பிக்க அனுபவமுள்ள ஒரு லோடுமேனையும் அழைக்க வேண்டும். அவரை 'ஐயா' என்று அழைத்து நாற்காலி போட்டு உட்கார வைக்க வேண்டும்.

இரண்டு: பயிற்சிக்குப் போகும் இடத்தில், வண்டிக்குள் ஏறிப் பார்க்காமல் சலானில் கையெழுத்து போடுவதில்லை என்று ஒவ்வொருவரும் முடிவெடுக்க வேண்டும்.

மூன்று: பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து இங்கே லோடு ஏற்றும் சகோதரர்களுக்கு, எச்சரிக்கைப் பலகை இங்கிலீஷில் இருந்து என்ன பயன்? அவர்கள் மொழியில் எழுதி, படமும் வரைந்து வைக்க வேண்டும். நல்ல ஷூவும் கையுறையும் கொடுக்க வேண்டும்.

நான்கு, இதுதான் முக்கியம்: "இது சரியில்ல சார், மாத்தணும்" என்று ஒரு லோடுமேன் சொன்னால் அந்த வண்டி நகரக் கூடாது. அப்படிச் சொன்னதற்காக அவருடைய அன்றைய கூலி போகக் கூடாது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நம் ஏட்டில் இருப்பது சுரைக்காய் அல்ல, கால் போகாமல் காக்கிற கணக்கு. அந்தக் கணக்கு நம்மிடம் இருக்கிறது, அனுபவம் அவர்களிடம் இருக்கிறது. இரண்டும் ஒரே வண்டியில் ஏறட்டும். தண்டலம் தாண்டிப் போகிற ஒவ்வொரு லாரியும் ஏற்றியவர், ஓட்டியவர், இறக்குபவர் மூவரையும் முழுசாக வீடு சேர்க்கட்டும்!