இரண்டு கிராமும் பத்து வருடமும்

போன வாரம் ஆபீஸ் கேன்டீனில் ஒரு வாக்குவாதம். "செஞ்ச அன்னிக்கு சட்டம் என்ன சொல்லுச்சோ அதான் தண்டனை. அப்புறம் சட்டம் மாறினா அவனுக்கென்ன சார்?" என்றார் நண்பர். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது, 2001 போதைப்பொருள் சட்டத் திருத்தத்தின் கதையைப் படிக்கும்வரை.

1985 சட்டப்படி ஹெராயினோடு பிடிபட்டால் குறைந்தபட்சம் பத்து வருடம், ஒரு லட்சம் அபராதம். இரண்டு கிராமோ இரண்டு கிலோவோ, ஒரே தராசு. சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த துளி என்றால் குறைவுதான்; ஆனால் அதை நிரூபிக்க வேண்டியவன் மாட்டிக்கொண்டவனே. பெரிய வியாபாரியையும் தெருமுனையில் பொட்டலம் விற்றவனையும் ஒரே கொட்டடியில் அடைத்த சட்டம் இது.

பதினாறு வருடம் கழித்து நாடாளுமன்றத்துக்கே இது உறைத்தது. 2001 அக்டோபர் 2 முதல் (காந்தி ஜெயந்தி அன்றுதான்!) அளவைப் பொறுத்துத் தண்டனை. ஹெராயின் ஐந்து கிராம் வரை 'சிறிய அளவு', அதிகபட்சம் ஆறு மாதம். 2014-ல் அது ஒரு வருடமானது. 250 கிராமைத் தாண்டினால்தான் கட்டாயப் பத்து வருடம்.

நல்ல விஷயம்தானே? இங்கேதான் வில்லங்கம். நிலுவையில் இருந்த பழைய வழக்குகளுக்கும் புதிய தண்டனையே என்றது 41-ஆம் பிரிவு. ஆனால் கடைசியில் ஒரு வால்: மேல்முறையீட்டில் இருக்கும் வழக்குகளுக்கு இது கிடையாது.

ஒரே நாளில், இரண்டிரண்டு கிராமோடு பிடிபட்ட இரண்டு பேரைக் கற்பனை செய்து பாருங்கள். ஒருவனுக்கு செப்டம்பரில் தீர்ப்பு: பத்து வருடம். இன்னொருவனின் வழக்கு வாய்தா மேல் வாய்தா வாங்கி நவம்பருக்குப் போனது: ஆறு மாதம். சுறுசுறுப்பான நீதிபதி கிடைத்தவனுக்கு ஒன்பதரை வருடம் கூடுதல்!

கேரளக் கைதிகள் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். சமத்துவ உரிமைக்கு விரோதம் என்று வாதம். 2004-ல் தோற்றார்கள். முடிந்த வழக்குகளைத் திறந்தால் மறுவிசாரணை வரும், தாமதத்தைக் குறைக்கும் நோக்கமே கெடும் என்றது நீதிமன்றம்.

என்ன மறுவிசாரணை? பிடித்த அன்றே எடை போட்டு மகஜரில் எழுதியாகிவிட்டது. மொத்தமே இரண்டு கிராம் என்றால், அது சுத்தமான சரக்கோ மாவு கலந்ததோ, ஐந்து கிராமைத் தாண்ட வழியே இல்லை. காகிதத்தைப் புரட்டினால் போதும். சிக்கலான வழக்குகளைக் காட்டி, சிக்கலே இல்லாதவனுக்கும் கதவை அடைத்தது எந்த ஊர் நியாயம்?

இதே உச்ச நீதிமன்றம் 1964-ல் பஞ்சாப் வழக்கு ஒன்றில் வேறு மாதிரி பேசியது. பதினாறு வயதுப் பையனுக்கு ஆறு மாதச் சிறை. தண்டனைக்குப் பிறகுதான் அந்த மாவட்டத்துக்கு நன்னடத்தைச் சட்டம் வந்தது. ஆனாலும் மேல்முறையீட்டில் அந்தச் சலுகையைத் தரலாம் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு எழுதினார் நீதிபதி சுப்பா ராவ்.

அரசியலமைப்பின் 20-ஆம் பிரிவு, பிறகு கூட்டிய தண்டனையைத் தராதே என்கிறது. குறைத்தால் என்ன என்று சொல்லவில்லை. ஆனால் 1979-ல் இந்தியா ஏற்ற சர்வதேச குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கை அதையும் சொல்கிறது: பிறகு தண்டனை குறைந்தால் குற்றவாளிக்கு அந்தப் பலன் போக வேண்டும். கையெழுத்து மட்டும் அங்கே, காரியம் இங்கே வேறா?

பழைய கதை என்று தள்ளாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள். ஐயாயிரத்துக்குக் குறைவான திருட்டு, முதல் தடவை தண்டிக்கப்படுபவன், பொருளைத் திருப்பிக் கொடுத்தால் சமூக சேவை மட்டுமே. ஜூன் 30-ல் திருடியவனுக்கோ பழைய மூன்று வருடம் வரை போகும் பிரிவு. பழைய தண்டனைகள் அப்படியே தொடரும் என்கிறது நியாய சன்ஹிதாவின் 358.

அதே 2024 ஆகஸ்டில், முதல் முறை சிக்கிய விசாரணைக் கைதிகளை மூன்றில் ஒரு பங்கு காலத்தில் ஜாமீனில் விடும் புதிய விதி பழைய வழக்குகளுக்கும் உண்டு என்று மத்திய அரசே உச்ச நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. ஜாமீனுக்கு முடிகிறது, தண்டனைக்கு ஏன் முடியாது? 358-ல் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். நண்பர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை மறுபடி கேன்டீனில் பார்க்கிறேன்.