கலங்கலுக்கு மூன்று மதிப்பெண், மறைந்திருக்கும் வலிமைக்கு எத்தனை?

பியரைச் சுவைத்து மதிப்பிடுவோரின் எழுத்துகளில் கலங்கலான, வலிமை மிகுந்த 'டபுள் ஐ.பி.ஏ.' வகைக்குத் தனி மரியாதை உண்டு. மாம்பழம், ஆரஞ்சுத் தோல், கொய்யா என அதன் நறுமணத்தை வரிசைப்படுத்திய பிறகு, பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் அந்தக் குறிப்புகள் முடிகின்றன: எட்டு விழுக்காடு ஆல்கஹால் இருப்பதே நாவுக்குத் தெரியவில்லை. வடிப்பவரின் திறனுக்கு இது உரிய பாராட்டே. ஆனால் குடிப்பவருக்குச் சொல்லப்பட வேண்டிய செய்தியில் இது பாதிதான். மறுபாதியைச் சொல்லாத மதிப்பீடு, எத்தனை நுட்பமாக இருந்தாலும், குறையுள்ள மதிப்பீடு.

இந்த வகையின் பிறப்பிடம் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம். வாட்டர்பரி என்னும் சிற்றூரில் ஜான் கிம்மிக்கும் ஜென் கிம்மிக்கும் 2003-இல் தொடங்கிய 'தி ஆல்கெமிஸ்ட்' மதுக்கூடத்தில் உருவான 'ஹெடி டாப்பர்' என்னும் 8 விழுக்காட்டு பியரே இதன் முன்னோடியாகக் கருதப்படுகிறது. 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல் வெள்ளம் அந்த மதுக்கூடத்தை அழித்தது. அதே காலத்தில் தொடங்கிய கேன் ஆலையிலிருந்து பியர் தொடர்ந்து வந்தது, புகழும் பரவியது. கேனிலிருந்தே குடியுங்கள் என்ற அறிவுரை அந்தக் கேனின் மேலேயே அச்சிடப்பட்டிருந்தது. கலங்கலை உலகுக்குப் பழக்கிய பியர், தன் கலங்கலைப் பார்க்கச் சொல்லவில்லை.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. பியர் நடுவர்களுக்குப் பயிற்சியும் சான்றும் வழங்கும் பி.ஜே.சி.பி. அமைப்பின் மதிப்பெண் தாளில் மொத்தம் 50. அதில் சுவைக்கு 20, மணத்துக்கு 12, ஒட்டுமொத்த உணர்வுக்கு 10, வாயில் உணரும் தன்மைக்கு 5. தோற்றத்துக்குக் கிடைப்பது 3 மட்டுமே. சமூக ஊடகப் படங்களில் முழு இடத்தையும் பிடித்துக்கொள்ளும் கலங்கல், தேர்ந்த நடுவரின் கணக்கில் அந்த மூன்றுக்குள் ஒரு பகுதி.

கலங்கல்கள் எல்லாம் ஒன்றும் அல்ல. ஓட்ஸ், கோதுமை ஆகியவற்றின் புரதமும் ஹாப்ஸ் மலரின் பாலிஃபீனால்களும் பிணைந்து மிதப்பதால் வருவது நல்ல கலங்கல். அது ஒளியைச் சிதறடித்து மங்கலாக மின்னும், நெடுநேரம் படியாது. அடங்காத ஈஸ்ட்டினாலோ மாவுச்சத்தினாலோ வருவது வேறு. அது சேற்றுத் தன்மையையும் மாவின் ருசியையும் கொண்டுவரும். கண்ணாடிக் கோப்பையின் அடியில் வண்டல் குவிந்தால் அதைக் கைவினையின் அடையாளம் என்று கொண்டாட வேண்டியதில்லை. தொண்டையில் காரமாகக் கீறும் உணர்வும் அப்படித்தான். அளவுக்கு மீறிய ஹாப்ஸ் துகள்கள் பியரில் தங்கிவிட்டதையே அது காட்டுகிறது.

மதிப்பீட்டில் அடுத்துக் கேட்க வேண்டியது, எப்போது அடைக்கப்பட்டது என்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறிய பழைய 'இந்தியா பேல் ஏல்' மாதக்கணக்கில் கடலில் முதிர்ந்து, தெளிந்து, இறங்கிய பியர். அதன் பெயரைச் சுமக்கும் இன்றைய கலங்கல் வகையோ காலத்துக்கு அஞ்சுவது. சிறிதளவு ஆக்சிஜன் புகுந்தாலும் மஞ்சள் நிறம் பழுத்துச் சாம்பல் கலந்த பழுப்பாகும். பழமணம் ஒடுங்கி நனைந்த அட்டையின் வாடை எழும். இந்தியாவின் வெப்பத்தில், குளிர்ச்சங்கிலி அறுந்த கிடங்கைக் கடந்து வந்த கேனைச் சுவைத்து அதன் வடிப்பாளரைக் குறைகூறுவது நியாயமாகாது. அதே இடத்தில் வடித்து அங்கேயே பரிமாறும் பெங்களூரு, புனே மதுக்கூடங்களுக்கு இங்கே இயல்பான சாதகம் உண்டு.

இனி வலிமைக்கு வருவோம். 8 விழுக்காட்டை மறைப்பது எளிதன்று. நொதித்தலின் வெப்பம் கைமீறினால் ஃபியூசல் ஆல்கஹால்கள் பெருகி, நகப்பூச்சு நீக்கியைப் போன்ற நெடி வரும். நொதித்தபின் ஹாப்ஸ் சேர்க்கும்போது, அதிலுள்ள என்சைம்கள் எஞ்சிய மாவுச்சத்துத் துண்டுகளைச் சர்க்கரையாக உடைத்து நொதித்தலை மறுபடி கிளப்பிவிடும். ஆல்கஹால் ஏறும், வெண்ணெய் வாடையும் சேரும். இந்த விளைவை இங்கிலாந்து வேதியியலாளர்கள் 1893-இலேயே குறித்துவிட்டார்கள். இத்தனையையும் கட்டுப்படுத்தி, ஓட்ஸின் மென்மையாலும் பழமணத்தாலும் சூட்டை மூடிவிடுவது உண்மையிலேயே தேர்ச்சி.

ஆனால் நாவுக்கு மறைந்தது குருதிக்கு மறைவதில்லை. 8 விழுக்காடு கொண்ட 473 மில்லி கேன் ஒன்றில் ஏறத்தாழ 30 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. 5 விழுக்காட்டு 330 மில்லி பியரில் இருப்பது சுமார் 13 கிராம். ஒரு கேன் என்று எண்ணுபவர் உண்மையில் இரண்டுக்கு மேல் குடித்திருக்கிறார். இந்தியச் சட்டப்படி வாகனம் ஓட்டுபவரின் 100 மில்லி குருதியில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கக்கூடாது. 70 கிலோ எடையுள்ள ஆண் ஒருவர் அந்த ஒரே கேனை விரைந்து குடித்தால் அந்த வரம்பின் இரு மடங்கை எட்டக்கூடும். எடை குறைந்தவர்க்கு இது இன்னும் கூடும்.

இந்தியச் சூழலில் இதற்குக் கூடுதல் பொருள் இருக்கிறது. 2018-இல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிகள் 5 விழுக்காட்டுக்கு மேல் 8 வரையுள்ளதை 'ஸ்ட்ராங்' பியர் என்று வகுக்கின்றன. இந்நாட்டுச் சந்தையில் ஆதிக்கம் செலுத்துவதும் அதுவே. கைவினை பியரின் அன்பர்கள் அந்த 650 மில்லி புட்டியை ஏளனமாகப் பார்ப்பதுண்டு: அது போதைக்கானது, இது சுவைக்கானது என்று. அளவைக் கணக்கிட்டால் அந்த வேலி நிற்பதில்லை. இரண்டிலும் ஆல்கஹாலின் விழுக்காடு ஒன்றே. சொல்லப்போனால், மலிவான புட்டியின் கடுமை குடிப்பவரை ஓரளவு எச்சரிக்கவாவது செய்கிறது. கலங்கல் பியரின் இனிமை அந்த எச்சரிக்கையையும் நீக்கிவிடுகிறது.

சுவை மதிப்பீடு ஒழுக்கப் பாடம் ஆகக்கூடாது என்பது இதற்கு எழக்கூடிய மறுப்பு. அது மதிக்கத்தக்க மறுப்பே. ஆயினும் வலிமை என்பது ஒழுக்கம் சார்ந்த கருத்து அன்று. கசப்பையும் நிறத்தையும் போலப் பியரின் பண்பு. இன்னொரு கோப்பை கேட்கத் தூண்டுகிறதா என்பதை நடுவர்கள் நற்பண்பாகவே கருதுகிறார்கள். 4 விழுக்காட்டு பியருக்கு அது குற்றமற்ற புகழ்ச்சி. 8 விழுக்காட்டுக்கு அதே சொல் வேறு பொருள் கொள்கிறது. அந்த வேறுபாட்டைக் கவனிப்பதும் மதிப்பிடுபவரின் பணிதான்.

செய்ய வேண்டியவை பெரியவை அல்ல. சுவைக் குறிப்பு எழுதுவோர் விழுக்காட்டோடு கோப்பையின் அளவையும், அதிலுள்ள ஆல்கஹாலின் கிராம் கணக்கையும் ஒரு வரியில் சேர்க்கலாம். மதுக்கூடங்கள் இந்த வகையைப் பெரிய குவளையில் ஊற்றாமல் 200 மில்லி கோப்பையில் பரிமாறலாம். சுவைக்கும் அது நல்லது. குளிர் சற்றுத் தணிந்து மணம் விரியும்போதே கோப்பை முடிந்திருக்கும். மதுவுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் சொல்லிவிட்ட பிறகு, மறைந்திருக்கிறது என்று பாராட்டுபவர்கள் எவ்வளவு மறைந்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.