புகை மட்டும் காப்பாற்றாது

"அந்தக் காலத்தில் அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டதெல்லாம் கெட்டா போச்சு?" வீட்டில் மீனுக்குப் புகை போடுவதைப் பற்றிப் பேச்சு எடுத்தால் நம் வயதுக்காரர்கள் வீசும் கேள்வி இது. கேட்டதும் வாய் அடைத்துப் போகும். ஆனால் அது பதில் இல்லாத கேள்வி அல்ல.

மேட்டூர் அணை மீன் சல்லிசாகக் கிடைக்கும் நம் ஊர்ப்பக்கம் இப்போது புதுப் பழக்கம் ஒன்று கிளம்பியிருக்கிறது. பழைய தகர டிரம்மில் ஓட்டை போட்டு, கட்லா, ரோகு, ஜிலேபி என்று கிடைத்ததைத் தொங்கவிட்டு முக்கால் மணி நேரம் புகை காட்டுகிறார்கள். பிறகு பாலிதீன் பையில் காற்றை உறிஞ்சிக் கட்டி, "ரெண்டு மாசம் வரும்" என்று அலமாரியில் வைக்கிறார்கள். செல்போனில் ஒருவர் செய்து காட்டுகிறாராம். புகை போடுவதை நான் குறை சொல்லவில்லை. அந்த ரெண்டு மாசத்தைத்தான் குறை சொல்கிறேன்.

மணிப்பூர், அசாம் பக்கம் ஆற்று மீனை அடுப்புக்கு மேல் மூங்கில் தட்டில் வைத்து நாள்கணக்கில் வாட்டுகிறார்கள். மீன் சுள்ளி போலக் காய்ந்து ஒடிகிறது. அது கெடாமல் இருப்பதற்கு முதல் காரணம் புகை அல்ல, ஈரம் போனதுதான். நம் கருவாடும் அப்படித்தான், உப்பும் வெயிலும் ஈரத்தை எடுத்துவிடுகின்றன. பச்சை மீனில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். முக்கால் மணிப் புகையில் அதில் எவ்வளவு போய்விடும்? புகை தோலில் படிந்து பொன்னிறம் தரும், வாசனை தரும். சதைக்குள் ஆழமாக இறங்காது. பார்த்தால் கருவாட்டுக்கு அண்ணன், உள்ளே வெறும் வெந்த மீன். வெந்த மீன் குழம்பை அலமாரியில் ரெண்டு மாசம் வைப்பீர்களா?

காற்றை உறிஞ்சிக் கட்டுவது இதைவிட மோசம். மண்ணிலும் ஏரிச் சேற்றிலும் இருக்கும் பாட்டுலினம் என்ற கிருமி காற்றில்லாத இடத்தில்தான் செழிக்கும். அதன் வித்துகள் புகையின் சூட்டில் சாவதில்லை. அது கக்கும் விஷத்துக்கு நாற்றமும் இல்லாமல் போகலாம், ருசியும் மாறாமல் இருக்கலாம். 1963-ல் அமெரிக்காவில், ஏரி மீனைப் புகையூட்டிக் காற்றில்லாத உறையில் அடைத்து விற்றதைச் சாப்பிட்டுச் சிலர் உயிரையே விட்டார்கள். தொழிற்சாலைச் சரக்குக்கே அந்தக் கதி என்றால் நம் வீட்டு டிரம் எம்மாத்திரம்?

"நாங்க சாப்பிட்டோம், ஒண்ணும் ஆகலை" என்பார்கள். ஹெல்மெட் போடாமல் சேலம் போய் வந்தவரும் அதையேதான் சொல்வார்.

ஆசை இருந்தால் முறையாகச் செய்யுங்கள். மீனைப் பிளந்து கழுவி உப்புக் கரைசலில் ஊற வையுங்கள். ஈரம் வடிந்து மேல்தோல் பிசுபிசுக்கும்வரை ஈ மொய்க்காமல் உலர்த்துங்கள். தேங்காய் மட்டை, கொய்யா, மா விறகு போதும். பிளைவுட் துண்டும், பெயின்ட் அடித்த பலகையும், தச்சுப் பட்டறைத் தூளும் வேண்டவே வேண்டாம். அவற்றின் பசையும் சாயமும் உங்கள் வயிற்றுக்குத்தான் வரும். குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்குங்கள். தடித்த இடத்தில் சதைக்குள் 70 டிகிரி வந்து அரை மணி நேரமாவது நிற்கட்டும். ஆற்று மீனில் புழு இருக்கலாம் என்பதால் சூடில்லாத வெறும் புகை கூடவே கூடாது. ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாளில் தின்று தீருங்கள். மாசக்கணக்கில் வேண்டுமென்றால் இருக்கவே இருக்கிறது கருவாடு.

விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகள் தாத்தா கொடுத்தால் கேள்வி கேட்காமல் வாயில் போட்டுக்கொள்வார்கள். அதனால் அந்தக் கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும்.