போலீஸ்காரர் வண்டிக்கு அபராதம் உண்டா?

'இங்கு வண்டிகளை நிறுத்தக் கூடாது' என்று பலகை இருக்கும். அதன் அடியிலேயே ஒரு போலீஸ் மோட்டார் சைக்கிள் நிற்கும். அபராதச் சீட்டு எழுதுகிறவருக்கு மட்டும் தனிச் சட்டமா என்று ஜனங்கள் முணுமுணுப்பது புதிதல்ல.

தனிச் சட்டம் உண்டு. ஆனால் அது சலுகை அல்ல. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 2019-ல் திருத்தப்பட்டபோது 210-பி என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. சட்டத்தை அமல் நடத்தும் அதிகாரியே அதை மீறினால், மற்றவர்களைப் போல் இரு மடங்கு அபராதம் கட்ட வேண்டும் என்கிறது அது. தடை செய்த இடத்தில் வண்டியை நிறுத்தினால் தமிழ்நாட்டில் முதல் தடவை அபராதம் 500 ரூபாய். போலீஸ்காரர் நிறுத்தினால் 1,000 ரூபாய்!

விபத்து, தீ போன்ற அவசர வேலையாகப் போகும் வண்டி விஷயம் வேறு. அதை யாரும் குறை சொல்வதில்லை. டீக்கடை வாசலில் நிற்கும் வண்டிக்கு அந்த நியாயம் பொருந்துமா?

பின் ஏன் சீட்டு எழுதப்படுவதில்லை? எழுத வேண்டியவரும் அதே இலாகாக்காரர். இன்ஸ்பெக்டர் வண்டிக்கு எந்தக் கான்ஸ்டபிள் சீட்டு எழுதத் துணிவார்?

சட்டம் யார் கையில் எப்படித் தூங்குகிறது, எப்போது விழிக்கிறது என்பதை நெல்லை மாவட்டம் நாங்குநேரியில் 2024 மே மாதம் நடந்த தகராறு காட்டிவிட்டது.

நாகர்கோவிலிலிருந்து தூத்துக்குடி செல்லும் அரசாங்க பஸ்ஸில் ஒரு போலீஸ்காரர் ஏறினார். டிக்கெட் வாங்க மறுத்தார். "வாரண்டு இருந்தால் காட்டுங்கள்" என்றார் கண்டக்டர். வாக்குவாதம் முற்றியது, பஸ் நின்றது. காசு கொடுத்து டிக்கெட் வாங்கிய பிரயாணிகள் வேடிக்கை பார்க்க வேண்டியதாயிற்று. செல்போனில் எடுத்த படம் ஊரெல்லாம் பரவியது.

போலீஸ்காரர் சொன்னதிலும் சிறிது விஷயம் இருந்தது. கான்ஸ்டபிள் முதல் இன்ஸ்பெக்டர் வரை தங்கள் மாவட்டத்துக்குள் அரசாங்க பஸ்களில் இலவசமாகப் போகலாம் என்று 2021 செப்டம்பரில் முதலமைச்சர் சட்டசபையில் அறிவித்திருந்தார். ஆனால் வாரண்டு இல்லாத போலீஸார் டிக்கெட் வாங்கத்தான் வேண்டும் என்று போக்குவரத்து இலாகா சொல்லிவிட்டது.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை! சென்னையிலும் வேறு பல ஊர்களிலும் போக்குவரத்துப் போலீஸார் அரசாங்க பஸ்களை மடக்கத் தொடங்கினார்கள். தடை செய்த இடத்தில் நிறுத்தியதற்கு அபராதம். டிரைவர் சீட் பெல்ட் போடாததற்கு அபராதம். சீருடை சரியில்லை என்று அபராதம். முந்தின வாரமும் அந்த பஸ்கள் அதே இடத்தில்தான் நின்றன. அப்போது ஒருவர் கண்ணிலும் படவில்லை. குற்றம் குற்றந்தான், அபராதம் சட்டப்படி சரிதான். ஆனால் அது போடப்பட்ட காரணம் சட்டம் அல்ல, ரோஷம். கட்டுவதும் வாங்குவதும் அரசாங்கமே என்பது இன்னொரு கூத்து.

சில நாளில் உள்துறை, போக்குவரத்துத் துறைச் செயலாளர்கள் சென்னையில் பேசி முடித்தார்கள். போலீஸ்காரரும் கண்டக்டரும் கட்டித் தழுவிக்கொண்ட படமும் வெளியாயிற்று. நல்லதுதான்.

பலகை அடியில் நிற்கும் மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் இன்னும் வழி பிறக்கவில்லை. அதற்குச் சீட்டு எழுதும் பொறுப்பை அந்த ஸ்டேஷனைச் சேராத ஓர் அதிகாரியிடம் ஒப்படைக்கலாம். இரு மடங்கு அபராதம் எத்தனை பேரிடம் வசூலானது என்று மாவட்டந்தோறும் ஆண்டுக்கொரு முறை கணக்கு வெளியிடலாம். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.