மதிலுக்கு அப்பால் முகம் எதற்கு?

"படந்தான் பார்த்தாகிவிட்டதே, இனிக் கதையை எதற்குப் படிப்பது?" என்று நம் இல்லங்களில் கேட்கும் வழக்கம் பெருகிவிட்டது. நூலின் உயிர் நிகழ்ச்சிகளிலேயே அடங்கியிருப்பதாகவும், அவற்றைத் திரை காட்டிவிட்டால் நூல் தீர்ந்துபோவதாகவும் கொள்ளும் மயக்கமே இக்கேள்வி. இதனை மறுக்க மட்டமானதொரு படத்தைத் துணைக்கழைப்பது நேர்மையன்று. மிகச் சிறந்த ஒன்றையே எடுத்துக்கொள்வோம்.

வைக்கம் முஹம்மது பஷீரின் 'மதிலுகள்' 1965இல் வெளிவந்த சிறு நாவல். அடூர் கோபாலகிருஷ்ணன் அதனை 1990இல் படமாக்கினார். மம்முட்டி பஷீராகவே நடித்தார். திருவிதாங்கூர் ஆட்சியை எதிர்த்து எழுதிச் சிறைப்பட்ட எழுத்தாளர், பெண்கள் சிறையை மறைக்கும் நெடுமதிலுக்கு அப்பாலிருந்து நாராயணி என்பவளின் குரலைக் கேட்கிறார். ரோஜாச் செடி மதிலைத் தாண்டிப் போகிறது. அவள் வந்து நிற்பதற்கு அடையாளமாக ஒரு காய்ந்த சுள்ளி வானில் எழுந்து விழுகிறது. சந்திக்க நாள் குறித்தபின் விடுதலை ஆணை வந்துவிடுகிறது. சிறைக்கதவு திறப்பதே தண்டனையாகிறது. முகம் காணாமலே பிரிவு.

அரபு அணியிலக்கணத்தில் 'கினாயா' என்றொன்று உண்டு. வள்ளலைப் புகழ வந்தவர், "அவன் வீட்டில் சாம்பல் மிகுதி" என்பார். சாம்பலிலிருந்து அடுப்புக்கும், அடுப்பிலிருந்து விருந்தினருக்கும், விருந்தினரிலிருந்து வள்ளன்மைக்கும் கேட்பவனே நடந்து செல்ல வேண்டும். வெளிப்படைக் கூற்றைவிட இது ஏன் வலியது என்பதை 11ஆம் நூற்றாண்டின் அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானி விளக்கியுள்ளார்: பொருளோடு அதற்கான சான்றையும் இது தந்துவிடுகிறது. நம் தமிழிலக்கணம் உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் பேசுவதும் இந்நெறிக்கு அயலானதன்று.

பஷீரின் சுள்ளி அந்தச் சாம்பலைப் போன்றது. சுள்ளியிலிருந்து கைக்கும், கையிலிருந்து காத்திருப்புக்கும், காத்திருப்பிலிருந்து ஒரு முழு வாழ்வுக்கும் வாசகன் தானே நடக்கிறான். ஆகவே மதில் இக்கதைக்குத் தடையன்று; மதிலே கதையின் பொருள்.

இதனை இயக்குநர் நன்கு உணர்ந்திருந்தார். நாராயணியை அவர் ஒரு கணமும் காட்டவில்லை. திரையுலகில் இஃது அரிய துணிவு, பாராட்டுவோம். ஆயினும் அவளுக்குக் குரல் கொடுத்தவர் கே.பி.ஏ.சி. லலிதா. இருபதாண்டுக் காலம் மலையாளத் திரையில் அனைவரும் அறிந்திருந்த நடிகை அவர். குரல் கேட்டதுமே மலையாளிகளின் மனத்தில் அவர் முகம் தோன்றிவிடுமன்றோ? கண்ணுக்கு மூடிய மதிலில் காதின் வழியே ஒரு சாளரம் திறந்துவிட்டது.

"பேசும் படத்திற்குக் குரல் வேண்டாமா?" என்பர். வேண்டும், எவரும் அறியாத குரலொன்று போதுமாயிருந்தது. அப்போதும் அஃது ஒரே குரல்தான். நூலிலோ, படிப்போர் எத்தனை பேரோ அத்தனை குரல்கள். இக்குறை லலிதாவின் திறமையைச் சார்ந்ததன்று. திரை என்னும் கருவியின் இயல்பைச் சார்ந்தது.

தேர்ந்த கலைஞரின் கையிலேயே இவ்வளவு குறைகிறதென்றால், ஏனையவற்றைச் சொல்வானேன்? படத்தைப் பார்க்க வேண்டாம் என்பதன்று நம் வாதம். 'மதில்கள்' தமிழிலும் கிடைக்கிறது. பிள்ளைகள் கையில் முதலில் நூலைக் கொடுங்கள். நாராயணியின் முகத்தை அவர்களே ஆக்கிக்கொள்ளட்டும். அதன்பின் திரை அவர்களிடமிருந்து எதையும் பறித்துவிடாது.